தொங்கும் பையா, நிற்கும் பையா? வன்னி வீட்டுக்கு ஏற்ற குத்துப்பையைத் தெரிவு செய்வது எப்படி

குத்துச்சண்டை பழக நான் முதன்முதலில் கட்டிய குத்துப்பை பதினொரு நாள் தொங்கியது. இரண்டு யூரியாப் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, மணலை நிரப்பி, விறாந்தைக் கூரையின் வளையில் கயிற்றால் கட்டியிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் ஐந்தாறு குத்துத்தான் விட்டிருப்பேன், மேலிருந்து மூன்று ஓடுகள் சறுக்கி வந்து படியில் விழுந்து சிதறின. மனுசி ஒன்றும் பேசவில்லை. விளக்குமாற்றைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பையைப் பற்றி நான் நிறைய யோசித்திருந்தேன். பைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைத்தான் யோசிக்கவில்லை. அதன் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கமும் தெரிந்தவர்கள் வீடுகளில் பல பைகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வருகிற பெடியள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "அண்ணை, தொங்குறது நல்லதோ, நிக்கிறது நல்லதோ?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "உங்கட வீட்டுக் கூரை என்ன கூரை?"

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

தொங்கும் பையின் முழு எடையும் சங்கிலியில் இருக்கும். குத்து விழுந்தால் விலகிப் போகும், திரும்பி வரும். அது வரும்போது நீங்கள் ஒரு அடி பின்வாங்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் விலகி அடுத்த குத்தை விட வேண்டும். தூரம் கணிப்பதையும் கால் வேலையையும் அது கேட்காமலே சொல்லித் தரும்.

நிற்கும் பைக்கு எடை முழுவதும் அடியில். பிளாஸ்டிக் அடித்தொட்டிக்குள் தண்ணீரோ மணலோ நிரப்புவோம். அதன்மேல் ஒரு கழுத்து, கழுத்தைச் சுற்றித் தடித்த பஞ்சுறை. குத்தினால் தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்துவிடும். சுற்றிவர நடந்து எந்தப் பக்கத்தாலும் அடிக்கலாம் என்பது அதன் நல்ல குணம். நகர்வதும் சாய்வதும் அதன் கெட்ட குணம்.

ஏன் சாய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தொட்டியின் விட்டம் 60 சென்ரிமீற்றர் என்று வையுங்கள், நிரப்பிய பிறகு எடை 100 கிலோ. ஒன்றரை மீற்றர் உயரத்தில், அதாவது முகத்தின் உயரத்தில், ஒருவர் அதைத் தொடர்ந்து தள்ளினால் 20 கிலோ பலமே அதைச் சாய்க்கப் போதும். குத்து என்பது கண நேர அடி, கழுத்தும் வளைந்து கொடுக்கும், அதனால் ஒவ்வொரு குத்துக்கும் விழுந்துவிடாது. ஆனால் 80 கிலோ ஆள் ஒருவர் உடம்பைச் சேர்த்து வலக்கையை விட்டால் தொட்டி ஒரு பக்கம் எழும்பிக் 'டொம்' என்று விழும். ஒரு சுற்று முடிவதற்குள் பை அறையின் அடுத்த மூலைக்குப் போயிருக்கும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொந்த வளவு உள்ளவர்கள் தொங்கும் பையைத்தான் எடுக்க வேண்டும், அதையும் வீட்டில் அல்லாமல் வளவில் தனிச் சட்டம் போட்டுத் தொங்கவிட வேண்டும். வவுனியாவிலோ கிளிநொச்சி நகரிலோ வாடகை அறையில் இருப்பவர், அடிக்கடி வீடு மாறுபவர், சிறுபிள்ளைகளுக்காக வாங்குபவர், வேர்வை சிந்தினால் போதும் என்பவர், இவர்களுக்கு நிற்கும் பை. கொழும்பில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு இதே பதிலைச் சொல்லமாட்டேன். எங்களிடம் காசு குறைவு, நிலம் இருக்கிறது.

முதல் படி: அண்ணாந்து பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 2009இல் போர் முடிந்த பிறகு வீட்டுத்திட்டத்தில் எழும்பிய வீடுகள் ஏராளம். 550 சதுர அடி அளவில் சீமெந்துக் கல் சுவர், மேலே ஓடு அல்லது அஸ்பெஸ்ரஸ் சீற். இந்தக் கூரைகள் எதுவும் குத்துப்பையை மனதில் வைத்துப் போட்டவை அல்ல.

ஓட்டுக்கூரையின் மரம் ஓட்டின் பாரத்தைக் கீழ்நோக்கித் தாங்கும். குத்துப்பை கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. ஒரு பக்கம் இழுத்து, மறு கணம் மறு பக்கம் இழுக்கும். ஒரு சுற்றில் நூறு குத்து விட்டால் நூறு தடவை. ஆணி இளகும், ஓடு நகரும், அப்புறம் விளக்குமாறு.

அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் இன்னும் மோசம். ஆட்டத்தில் கொளுக்கி போல்ற்றைச் சுற்றி வெடிப்பு வரும், அது மாரி மழையில்தான் தெரியவரும். சீற்றில் ஓட்டை போடவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கூடாது. தகரக் கூரையைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

கொங்கிறீற் பிளேற், அதாவது தட்டையான கொங்கிறீற் கூரை, இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதிலும் ஒற்றைக் கொளுக்கி போடாதீர்கள். நாலு ஓட்டை உள்ள இரும்புத் தகடு ஒன்றை நாலு அங்கர் போல்ற்றால் இறுக்கி, தகட்டின் நடுவில் வெல்டிங் கடையில் வளையம் ஒட்டுவியுங்கள். பீம் இருந்தால் அதன் பக்கவாட்டில் பூட்டுவது இன்னும் நல்லது. பிளேற்றில் கறள் கசிந்த கோடு தெரிந்தாலோ, சீமெந்து உதிர்ந்து கம்பி எட்டிப் பார்த்தாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

சுவரில் பூட்டும் இரும்புக் கை கடையில் பார்க்க அழகாக இருக்கும். சீமெந்துக் கல் சுவரில் நான் அதைப் பூட்டமாட்டேன். கல்லின் கலவை ஒரே சீராக இருப்பதில்லை, இரண்டு மாதத்தில் போல்ற் இளகிக் குழி பெருக்கும். கட்டாயம் சுவர்தான் என்றால் போல்ற்றை ஊடுருவ விட்டு, மறுபக்கமும் தகடு வைத்து இறுக்குங்கள், அதுவும் தூண் உள்ள இடத்தில்.

மரக்கிளை? புளியங்கிளை நல்ல உறுதி. தொடை மொத்தம் உள்ள பச்சைக் கிளை, அடிமரத்திலிருந்து மூன்று அடியாவது தள்ளி. முற்றிய வேம்பும் பரவாயில்லை. மாமரத்தை நான் நம்புவதில்லை. முருங்கையைப் பற்றிச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கயிறோ சங்கிலியோ நேராகப் பட்டையில் உரசினால் கிளையை அறுத்துவிடும், நடுவில் பழைய ரயர்த் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். கறையான் ஏறிய மரத்தில் கட்டவே வேண்டாம்.

இரண்டாம் படி: குனிந்து பாருங்கள்

பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்று அடி வெற்றிடம் வேண்டும். எட்டு அடிக்கு எட்டு அடி இருந்தால் தாராளம்.

நிற்கும் பை மினுக்கிய சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் வழுக்கும். அடியில் றப்பர் விரிப்புப் போட்டால் நகர்வது குறையும், சத்தமும் குறையும். விடிய ஐந்து மணிக்கு வெறுந்தரையில் அந்தத் தொட்டி இடிக்கும் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். மண் தரையில் அது ஒரு பக்கம் புதைந்து சாய்ந்தே நிற்கும், ஆகவே வளவில் வைக்க நினைப்பவர்கள் சின்னதாக ஒரு சீமெந்துத் திண்ணை போட வேண்டிவரும்.

தொங்கும் பைக்கு மண் தரை போதும், ஆனால் மணல் தரை கூடாது. கால் புதைந்து திரும்பும்போது முழங்கால் முறுகும். களிமண் பரப்பித் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கிவிடுங்கள். வெறுங்காலோடு பழகுவதானால் நெருஞ்சி முள்ளைத் தினமும் கூட்டித் தள்ள வேண்டும்.

மூன்றாம் படி: எதற்காகப் பழகுகிறீர்கள்

குத்துச்சண்டை மட்டும் என்றால் மூன்றரை, நாலு அடிப் பை போதும். கால் அடியும் சேர்ந்த கிக்பொக்சிங், முவாய் தாய் என்றால் ஆறு அடி உயரத் தொங்கும் பை. நிற்கும் பையில் தாழ்ந்த உதை விடுவது ஆபத்து, கணைக்கால் தொட்டியின் விளிம்பில் பட்டால் ஒரு கிழமை நொண்ட வேண்டிவரும். கராத்தே பழகும் பிள்ளைகள் நடு உயர உதையை நிற்கும் பையில் பழகலாம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

எடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பை உங்கள் உடல் எடையில் பாதி இருக்கட்டும். 60 கிலோ ஆளுக்கு 30 கிலோ. இதை வேதமாக எடுக்க வேண்டாம், ஐந்து கிலோ கூடலாம், குறையலாம். பாரம் குறைந்தால் பை ஊஞ்சலாடும், நீங்கள் குத்துவதை விட அதைப் பிடித்து நிறுத்துவதே வேலையாகிவிடும். பாரம் கூடினால் சுவரில் குத்துவது போல் மணிக்கட்டு அடி வாங்கும். வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே பையில் பழகுவதென்றால் பாரம் குறைந்தவரின் கணக்கையே எடுங்கள்.

காசு விஷயத்தில் ஒன்று. நிற்கும் பை கொழும்பிலிருந்து பெரிய பெட்டியில் வரும், அனுப்புகூலியையும் சேர்த்துப் பாருங்கள். தொட்டி வெடித்தால் இங்கே மாற்றுத் தொட்டி கிடைக்காது. தொங்கும் பையை வெறும் உறையாக வாங்கலாம். இல்லாவிட்டால் ஓட்டோ சீற் தைக்கும் கடையில் தடித்த றெக்சினில் இரட்டைத் தையல் போட்டுத் தைக்கலாம். நாலு அடி உயரம், 110 சென்ரிமீற்றர் சுற்றளவு, வாயில் நாலு இரும்பு வளையம். வளையத்தைத் தாங்கும் பட்டி பையின் அடிவரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், வாயில் மட்டும் தைத்தால் பிய்ந்துவிடும். கிழிந்தால் அதே கடை தைத்துத் தரும்.

நாலாம் படி: வளவில் சட்டம் போடுவது

இதில்தான் நேரம் எடுக்க வேண்டும். இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குப் பைப். கம்பங்களுக்கு இடையில் ஏழு அடி இருக்கட்டும், அதைவிடக் குறைந்தால் ஆடும் பை கம்பத்தில் இடிக்கும். தரைக்கு மேலே எட்டு அடி, மண்ணுக்குள் இரண்டரையிலிருந்து மூன்று அடி. மூன்று அங்குல ஜி.ஐ. பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) நன்றாகத் தாங்கும். பாலை போன்ற வைரமான மரக்கம்பம் கையில் இருந்தால் அதுவும் சரி, புதைக்கும் பகுதிக்குக் கழிவு ஒயில் இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுங்கள், கறையான் ஏறுவது குறையும். இதற்கென்று காட்டில் மரம் தறிக்கப் போகாதீர்கள், வழக்குத்தான் மிஞ்சும்.

குழி வெட்டும்போது கவனம். போர்க்காலக் கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் எங்கள் மண்ணுக்குள் கிடக்கலாம் என்று எங்களுக்குத் தெரியும். அலவாங்கை ஓங்கிப் போடாமல் மெதுவாக வெட்டுங்கள். சந்தேகமான இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் நிறுத்திவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். மண் அள்ளாத, வீடு கட்டாத புதுக் காணியென்றால் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

கம்பத்தைச் சுற்றிக் கல்லும் சீமெந்தும் போட்டு இறுக்கியபின் ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆறவிடுங்கள். அடுத்த நாளே பையைத் தொங்கவிட்ட ஒருவரின் கம்பம் கோயில் கொடிமரம் சாய்ந்தது போல் நின்றது.

குறுக்குப் பைப்பின் நடுவில் வளையத்தை வெல்டிங் கடையில் ஒட்டுவியுங்கள். வளையத்துக்கும் சங்கிலிக்கும் இடையில் சுழலும் கொளுக்கி ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் பை சுற்றும்போது சங்கிலி முறுக்கேறித் தேயும். மோட்டார் சைக்கிள் ரியூப்பை நாலு மடிப்பாக மடித்துக் கொளுக்கியோடு சேர்த்துக் கட்டினால் அதிர்வு குறையும். ரியூப் அறுந்தாலும் பை விழாதபடி சங்கிலியைத் தளர்வாக அதன் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

தொங்கும் உயரம்: நாலு அடிப் பையின் மேல்விளிம்பு உங்கள் தலை உச்சியின் மட்டத்தில், நடுப்பகுதி நெஞ்சுக்குச் சற்றுக் கீழே. ஆறு அடிப் பைக்கு அடி நிலத்திலிருந்து நாலைந்து அங்குலம் உயர்ந்திருந்தால் போதும்.

மேலே ஒரு கொட்டில் கட்டாயம். கிடுகோ தகரமோ, எதுவானாலும் கம்பத்தோடு சேர்க்காமல் தனியாக நிற்கட்டும். றெக்சின் பங்குனி சித்திரை வெயிலில் ஒரு வருடத்தில் தோலுரிந்துவிடும்.

ஐந்தாம் படி: நிரப்புவது

மணலை மட்டும் நிரப்பாதீர்கள். நாலு அடி உயரமும் 110 சென்ரிமீற்றர் சுற்றளவும் உள்ள பைக்குள் ஏறத்தாழ 115 லீற்றர் கொள்ளும். அதை மணலால் நிரப்பினால் 180 கிலோவைத் தாண்டும். பாதி நிரப்பினாலும் மணல் ஒவ்வொரு குத்துக்கும் இறங்கி அடியில் கல்லாகிவிடும், மேலே தொளதொளவென்று தொங்கும். என் யூரியாப் பைக்கும் இதுதான் நடந்தது.

நல்ல சாமான் பழந்துணி. தையற்கடையில் வெட்டுத்துணி சாக்குக் கணக்கில் கிடைக்கும். கார்மென்ற்ஸில் வேலை செய்யும் சொந்தக்காரர் இருந்தால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள். தெறி, சிப், கொளுக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள், ஒரு ஜீன்ஸ் தெறி விரல் மொழியைக் கிழிக்கப் போதும். துணியை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினால் நன்றாக இறுகும். பிறகு அரை அடி போடுங்கள், உலக்கையால் இடியுங்கள், திரும்ப அரை அடி போடுங்கள். ஓரங்களைச் சுற்றி முதலில் இடித்து, நடுவைக் கடைசியாக. இப்படி இறுக்கி நிரப்பினால் துணி மட்டுமே முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும். இன்னும் பாரம் வேண்டுமென்றால் இரண்டு கிலோ மணல் பொட்டலங்களை இரட்டைப் பொலித்தீனில் கட்டி, ரேப் சுற்றி, பையின் நட்டநடுவில் துணிக்குள் புதையுங்கள். ஓரத்துக்கு வந்தால் கை உடையும்.

உமி பாரமில்லாதது. அதே பைக்குள் பத்துப் பதினைந்து கிலோதான் வரும், பிள்ளைகளுக்கு அருமை. ஆனால் எலி தேடி வரும், ஈரம் பட்டால் நாறும். மரத்தூளும் ஈரத்தில் கட்டிபடும்.

நிரப்பிய பை ஒரு கிழமையில் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும். திறந்து மேலும் அடையுங்கள்.

நிற்கும் பை வாங்கினால்

வைக்கும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிரப்பிய தொட்டியைச் சரித்து உருட்டலாம், தூக்க முடியாது. 60 லீற்றர் தொட்டியில் தண்ணீர் 60 கிலோ. காய்ந்த மணல் என்றால் தொண்ணூறு கிலோவைத் தாண்டும். மணலை நிரப்பிவிட்டு அதன் இடைவெளிக்குள் தண்ணீர் விட்டால் நூறையும் கடந்துவிடும். நான் கடைசி வழியைத்தான் சொல்வேன். மணலை அரித்துக் காயவைத்து, தண்ணிப்போத்தலின் வாய்ப்பக்கத்தை வெட்டிப் புனலாக்கி நிரப்புங்கள், பொறுமை வேண்டும், ஒரு பின்னேரம் போகும். மூடியை இறுக்கி ரேப் சுற்றுங்கள். மூடி தொலைந்த தொட்டி நுளம்புக்கு வீடாகிவிடும், டெங்குக் காலத்தில் பரிசோதிக்க வருபவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

சாய்வதையும் நகர்வதையும் குறைக்க, தொட்டியைச் சுற்றி மூன்று மணல் மூட்டைகளை அணைத்து வைக்கலாம். அழகில்லை, வேலை செய்யும். ஆனால் அப்போது சுற்றி நடக்கும் வசதி போய்விடும், ஒரு பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள்.

முதல் மாதம்

வெறுங்கையால் குத்தாதீர்கள். நாலரை மீற்றர் நீளக் கைப்பட்டி, அதற்கு மேல் 12 அல்லது 14 அவுன்ஸ் கையுறை. பெடியள் பட்டியை வீண்செலவு என்பார்கள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு உடையும் காயத்துக்குக் குத்துச்சண்டைக்காரரின் முறிவு என்றே பெயர் உண்டு. அது பெரும்பாலும் கையைச் சரியாக மடக்கத் தெரியாதவர்களுக்குத்தான் வரும். சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள் முதலில் படவேண்டும், மணிக்கட்டு முழங்கையோடு ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும்.

போட்டியில் ஒரு சுற்று மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள், மூன்று சுற்று, பாதிப் பலத்தில். பையைத் தள்ளாமல் தொட்டுவிட்டுக் கையை இழுக்கப் பழகுங்கள். தொங்கும் பை பெரிதாக ஆடினால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். நிற்கும் பை நகர்ந்துகொண்டே போனாலும் அதேதான். எங்கள் வெக்கைக்கு விடிய ஆறு மணிக்கு முன், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு.

மாதம் ஒரு தடவை சங்கிலிக் கண்ணிகளைத் தடவிப் பாருங்கள், பாதி தேய்ந்த கண்ணியை மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையின் மறுபக்கத்தை முன்னுக்குத் திருப்பிக் கட்டுங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கமுன் கொளுக்கிக்குக் கிறீஸ் பூசி, தூவானம் அடிக்கும் பக்கத்துக்குப் படங்கு கட்டிவிடுங்கள். துணி நனைந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், வெளியே எடுத்துக் காயப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நாலு நாள் தொடாமல் விட்ட பையென்றால் முதலில் தடியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். கொளுக்கியில் குளவி கூடு கட்டியிருக்கலாம். நிற்கும் பையானால் தொட்டிக்கும் விரிப்புக்கும் இடையில் தேள் ஒன்று குளிர்ச்சிக்குப் படுத்திருக்கலாம், அங்கே வெறுங்கையை விடாதீர்கள்.